பாட்டியின் கை அசைவை யார் வரைவது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங்கைக் கடந்து சிகிஞ்சான் நோக்கிப் போகிற சாலையில் இடையில் வருகிற ஊர் சுங்கை புரோங். மலாய் மொழியில் புரோங் என்றால் பறவை. பெயருக்கேற்ற ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வாய்க்கால், கொக்கு. தெற்கே இறங்கினால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வேர்வை சிந்திய தோட்டங்கள்.

இந்த வட்டாரத்து மாணவன் ஒருவனை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். எஸ்.பி.எம். முடித்துவிட்டு அனிமேஷன் டிப்ளோமா படிக்கிறான். இது இறுதிப் பருவம். ஒரு நிமிடம் ஓடக்கூடிய அனிமேஷன் படம் ஒன்றைச் செய்து ஒப்படைக்க வேண்டும். அவன் எதை வரைவான்?

பெரும்பாலும் ஒரு வாள்வீரனை வரைவான். அல்லது கட்டடங்களை இடித்துக்கொண்டு வரும் இயந்திர மனிதனை வரைவான். பெரிய கண்கள், கூரான தலைமுடி, பின்னணியில் டோக்கியோ மாதிரி ஒரு நகரம். அவனைக் குறை சொல்வதற்கில்லை. சிறு வயதிலிருந்து அவன் திரையில் பார்த்து வளர்ந்தது அதைத்தான்.

ஆனால் அதே வீட்டு வாசலில் அவனுடைய பாட்டி உட்கார்ந்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அவருடையது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரையில் நின்று, காண்டா வாளி சுமந்து பிள்ளைகளைக் கரையேற்றிய கை. அந்தக் கையின் அசைவை வரைய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வரையலாம் என்று அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை.

இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

புகைப்படத்தால் முடியாதது

தோட்ட வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் நாவல்கள் இருக்கின்றன. சிறுகதைகள் இருக்கின்றன. பழைய புகைப்படங்களும் ஓரளவு இருக்கின்றன. ஆனால் புகைப்படம் ஒரு கணத்தை மட்டுமே பிடிக்கும். பால்மரம் வெட்டுவது ஒரு கணத்தில் முடிகிற காரியமா?

முதலில் நேற்றைய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து எடுக்க வேண்டும். பிறகு கத்தியை வைத்து, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்வாகப் பட்டையைச் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கணக்குத் தப்பிவிடும். கத்தி நகர நகர வெட்டுகிறவரும் மரத்தைச் சுற்றிக் கால் மாற்றி நகர வேண்டும். சீவல் சுருண்டு விழும். வெள்ளைக் கோடு ஒன்று இறங்கிக் கோப்பையில் சொட்டும். அதற்குள் அவர் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். வெயில் ஏறுவதற்கு முன் குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், இத்தனையும் இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் நடந்தது.

இந்த ஓட்டத்தை, இந்தத் தாளத்தைப் பிடிப்பதற்கென்றே பிறந்த கலைதான் அனிமேஷன். டிஸ்னி நிறுவனத்தின் மூத்த கலைஞர்களான பிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கலையின் 12 அடிப்படை விதிகளை விளக்கினார்கள். ஒரு செயலுக்கு முன் உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. கை நேர்க்கோட்டில் போவதில்லை, வளைவில் போகிறது. வேகம் தொடக்கத்திலும் முடிவிலும் குறைகிறது. உலகம் முழுவதும் மாணவர்கள் இன்றைக்கும் இவற்றைத்தான் படிக்கிறார்கள். அந்த மாணவன் வகுப்பில் மனப்பாடம் செய்கிற இத்தனை விதிகளும் அவன் பாட்டியின் தோளிலும் மணிக்கட்டிலும் இருக்கின்றன.

கித்தாக் காடுகள் செம்பனைக்கு இடம் கொடுத்தன. பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம் கொடுத்துவிட்டது. லயன் வீடுகள் போய்விட்டன. மரத்தைத் திரும்ப நடலாம், வீட்டைத் திரும்பக் கட்டலாம். ஆனால் அந்தக் கை அசைவு, அதைத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்வரைதான் இருக்கும். அதற்குப் பிறகு எந்த நூலகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

முதல் கோடு போட்டவர்

அனிமேஷனுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். இந்நாட்டு வரலாற்றையே புரட்டிப் பார்ப்போம்.

மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் என்று குறிப்பிடப்படுவது 'ஹிகாயாட் சாங் கஞ்சில்'. அதை 1978-இல் உருவாக்கியவர் அன்றைய பிலெம் நெகாரா நிறுவனத்தில் காட்சி அரங்க வடிவமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர். படம் 1983-இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. இடையில் 5 ஆண்டுகள். கணினி இல்லாத காலம். ஒவ்வோர் அசைவும் கையால் வரையப்பட்ட காலம். எடுத்துக்கொண்ட கதையோ இந்த மண்ணில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்த சருகுமான் கதை. அதே வரிசையில் பின்னர் ஹசான் அப்துல் முத்தாலிப் மேலும் சில சாங் கஞ்சில் படங்களைத் தந்தார்.

ஆனந்தம் சேவியர் என்ற பெயர் நம் காதுக்கு அந்நியமானது அல்ல. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அடுத்து லாட். பேராக் மாநிலத்துக் கம்பத்தில் தாம் வளர்ந்த கதையை அவர் 1979-இல் 'கம்போங் பாய்' என்ற சித்திர நூலாக்கினார். அது பின்னர் தொலைக்காட்சி அனிமேஷன் தொடராக வந்தது. அதன் ஓர் அங்கம் 1999-இல் பிரான்சின் அனெசி அனிமேஷன் விழாவில் விருது பெற்றது. ஆற்றில் குளித்த கதையும் தாத்தா பாட்டி கதையும்தான். உலகம் உட்கார்ந்து பார்த்தது.

மூன்றாவது எடுத்துக்காட்டு எல்லார் வீட்டிலும் ஓடிக்கொண்டிருப்பது. மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்து வெளிவந்த நிசாம், சப்வான், உசாமா என்ற மூன்று இளைஞர்கள், புர்ஹானுடின் – ஐனோன் தம்பதியரோடு சேர்ந்து 2005-இல் 'லெஸ் கோபாக்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெரிய திரைப்படம் எடுப்பதற்கு முன், மக்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்று பார்ப்பதற்காக 2007-ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் 6 சிறிய அங்கங்களை ஒளிபரப்பினார்கள். அதுதான் 'உப்பின் இப்பின்'. அவர்கள் நினைத்த பெரிய படம் 2009-இல் வந்தது. நிசாம் பிறகு தனி நிறுவனம் தொடங்கி 2011-இல் 'போபோய்போய்' தொடரைத் தந்தார். உசாமாவின் நிறுவனம் 2016-இல் 'எஜென் அலி'யைத் தந்தது. நேற்றைய மாணவர்கள், இன்றைய தொழில் முதலாளிகள்.

இவர்கள் எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தொடங்கினார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு அந்தச் சுவர் சொந்த ஊராக இருந்தது.

அங்கிள் முத்துவும் ராஜூவும்

'உப்பின் இப்பின்' தொடரில் நம்மவர்களும் இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அங்கிள் முத்து, மாட்டோடு சுற்றித் திரியும் அவர் மகன் ராஜூ, வகுப்பில் தேவி. பிள்ளைகளுக்கு அவர்களைப் பிடிக்கும். நம்மையும் கதைக்குள் சேர்த்துக்கொண்டார்களே என்று பாராட்டவே வேண்டும்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பற்றிச் சொல்லும் கதை, நாம் வாசலில் நிற்கும்போது தெரிகிற அளவுக்குத்தான் போகும். அங்கிள் முத்து கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனபின் என்ன பேசுகிறார்? ராஜூவின் பாட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்? ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு இருட்டில் வேலைக்குப் போன தாய்க்கு அன்று என்ன மனநிலை? இதைச் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை இல்லை. நம் பிள்ளைகளின் கடமை. நாம் வரையாவிட்டால் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

ஒரு நிமிடத்தின் கணக்கு

சரி, அந்த மாணவன் பாட்டியை வரைவது என்று முடிவு செய்துவிட்டான். எப்படிச் செய்வது?

முதல் வேலை கணினியைத் திறப்பது அல்ல. பாட்டியின் எதிரே உட்காருவது.

"பாட்டி, மரம் வெட்டும்போது கைய எப்படி வெச்சிருப்பீங்க?"

"எதுக்குய்யா இப்ப அதெல்லாம்?"

"காலேஜுக்கு வேணும் பாட்டி. ஒருதரம் செஞ்சு காட்டுங்க."

வீட்டு நிலைக்கால் மரமாகிவிடும். கையில் ஒரு கரண்டி கத்தியாகிவிடும். எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் உடம்பு மறக்காது. தோள் இறங்கும், மணிக்கட்டு திரும்பும், கால் தானாக நகரும். அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். பக்கவாட்டில் ஒருமுறை, முன்னாலிருந்து ஒருமுறை. பேச்சையும் சேர்த்தே பதிவு செய்யட்டும். படம் முடிந்த பிறகும் அந்தப் பதிவு குடும்பச் சொத்தாக இருக்கும்.

இரண்டாவது, கணக்கு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படங்கள் போதும். ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்தால் ஆளுக்கு 180. நாளுக்குப் பத்து என்று வரைந்தால் 18 நாள். மலைப்பதற்கு ஒன்றுமில்லை. அதிலும் சீவுகிற அசைவை 2 நொடிக்கு ஒழுங்காக வரைந்துவிட்டால், பின்னணியில் மரத்தை மட்டும் மாற்றி மாற்றித் திரும்பப் பயன்படுத்தலாம். பாட்டியின் வேலையே திரும்பத் திரும்பச் செய்கிற வேலைதானே!

பல மாணவர்களின் படங்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. ஒரு நிமிடத்துக்குள் ஒரு போர், ஒரு காதல், ஒரு மரணம் எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பதுதான். ஒரே இடம், ஒரே ஆள், ஒரே செயல் போதும். 'டாய் ஸ்டோரி' படத்தை இயக்கிய ஜான் லாசெட்டர் மாணவராக இருந்தபோது 1979-இல் செய்து பரிசு வாங்கிய படம் விளக்குக் கடை ஒன்றைப் பற்றியது. பிறகு 1986-இல் மேசை விளக்குகள் இரண்டை மட்டுமே வைத்து 2 நிமிடப் படம் ஒன்று எடுத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

மூன்றாவது, கண்ணுக்குப் பயிற்சி. இதற்குக் கோலசிலாங்கூர் வட்டாரத்தைவிட நல்ல வகுப்பறை கிடைக்குமா? புக்கிட் மெலாவாத்தியில் சாம்பல் நிறக் குரங்குகள் இருக்கின்றன. அவற்றின் குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம். ஒரு குட்டி தாயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாவுவதைப் பார்த்து வரைந்தால், எடை என்றால் என்ன என்று புரிந்துவிடும். கம்போங் குவாந்தான் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. நொடிக்கு ஏறக்குறைய 3 முறை. அப்படியென்றால் ஒரு மினுக்கலுக்கு 8 சட்டங்கள். நேரக் கணக்கை மின்மினியே கற்றுக்கொடுத்துவிடும்.

நான்காவது, மென்பொருள். விலை உயர்ந்த மென்பொருள் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 'பிளெண்டர்' என்ற மென்பொருள் 2002 முதல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. காசு கொடுக்க வேண்டியதில்லை. லாட்வியா என்ற சிறிய நாட்டின் இயக்குநர் கிண்ட்ஸ் சில்பலோடிஸ் அதைக்கொண்டு உருவாக்கிய 'ப்ளோ' என்ற படம், 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அந்தப் படத்தில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அவருடைய முந்தைய முழுநீளப் படத்தை அவர் தனியாளாகவே செய்து முடித்தவர். கையால் வரைகிறவர்களுக்கு 'கிரீட்டா', 'ஓப்பன்டூன்ஸ்' போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு.

எழுத்தும் அசையும்

அனிமேஷன் படிக்கிற மாணவர்களில் பலருக்கு முதல் வருமானம் கதைப்படத்தில் கிடைப்பதில்லை. மோஷன் கிராபிக்சில் கிடைக்கிறது. செய்தி தொடங்கும்போது சுழன்று வரும் எழுத்து, விளம்பரத்தின் முடிவில் மலரும் சின்னம், திரைப்படத்தின் பெயர் வரிசை எல்லாம் இதில் அடங்கும். 1955-இல் சால் பாஸ் என்ற அமெரிக்கர், ஒரு படத்தின் பெயர் வரிசைக்கு வெறும் வெள்ளைப் பட்டைகளையும் கோணலான ஒரு கையையும் அசையவிட்டு இதை ஒரு கலையாக்கினார்.

தமிழில் இதைச் செய்யும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. சில மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுக்காமல் தட்டச்சு செய்தால் கொம்பு இடம் மாறிவிடும். கால் தனியே போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத நிறுவனத்தில் யாருக்கும் அது தவறாகவே தெரியாது. அப்படியே திரைக்கு வந்துவிடும். அங்கேதான் தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவனின் மதிப்புத் தெரிகிறது. அவன் கண்ணுக்கு மட்டும்தான் அது உறுத்தும். கணினியில் தமிழ் ஒழுங்காக அமர்வதற்குப் பாடுபட்டவரும் மலேசியர்தான். 'முரசு அஞ்சல்' தந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்றிருக்கின்றன. எழுத்தைக் கணினியில் உட்கார வைத்தவர் நம்மவர். அதை ஓடவும் ஆடவும் வைக்க வேண்டியவர்கள் அடுத்த தலைமுறை.

பெற்றோர் கவனத்துக்கு

"படம் வரையிற படிப்பு சோறு போடுமா?" என்று தோட்டத்துப் பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர்கள் அவர்கள். ஆகவே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தொழிலில் தூக்கமில்லாத இரவுகள் உண்டு. நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஓடுகிறவர்கள் உண்டு. போதாக்குறைக்கு இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. நான்கு வரி எழுதிக் கொடுத்தால் காணொளி தருகிற 'சோரா'வை ஓப்பன் ஏஐ நிறுவனம் 2024-இல் அறிவித்தபோது, தொழிலில் இருப்பவர்களே கலங்கிப் போனார்கள். கலக்கம் வீண் என்று சொல்ல முடியாது. யாரோ ஏற்கனவே செய்ததைப் பார்த்துச் செய்கிற வேலைக்கு ஆபத்துதான். வாள்வீரனையும் இயந்திர மனிதனையும் கருவி நொடியில் தந்துவிடும். ஆனால் பால்மரம் வெட்டுகிற ஒரு தமிழ்ப் பெண்ணின் கால் எப்போது நகர்ந்தது என்பதை யாரும் வரைந்து வைக்கவில்லையே, கருவி எங்கிருந்து கற்கும்? தன் வீட்டில் மட்டும் இருக்கிற விஷயத்தைத் தெரிந்தவனுக்குத்தான் இனி மதிப்பு.

கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் செய்ய வேண்டியது மூன்று. அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத் தாளை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பி.டி.பி.டி.என். கடனுதவி அந்தக் குறிப்பிட்ட படிப்புக்குக் கிடைக்குமா என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கடந்த ஆண்டு மாணவர்கள் செய்த இறுதிப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கல்லூரி பெருமையோடு காட்டும். தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். தனியார் கல்லூரிக் கட்டணம் தாங்காதவர்கள் அரசாங்கத்தின் சமூகக் கல்லூரி, பல்தொழில்நுட்பக் கல்லூரி வாய்ப்புகளையும் விசாரித்துப் பார்க்கலாம்.

வேலை தேடிப் போகும் இடத்தில் முதலில் கேட்பது ஒரு நிமிட மாதிரிப் படத்தைத்தான். சான்றிதழைப் பிறகுதான் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நூறு பேர் நூறு இயந்திர மனிதர்களைக் காட்டுவார்கள். ஒருவன் மட்டும் இருட்டில் அசைகிற ஒரு தலைவிளக்கைக் காட்டினால், பார்க்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

நேயர்களே, அந்த மாணவனின் படத்துக்கு இப்போது முடிவு வேண்டும். இருட்டு. சில்வண்டுச் சத்தம். சிறிய வெளிச்சம் ஒன்று மரத்துக்கு மரம் தாவுகிறது. பட்டையைச் சீவும் ஓசை. வெள்ளைக் கோடு இறங்குகிறது. பிறகு மெல்ல விடிகிறது. வாளியோடு திரும்பி நடக்கிற முதுகு மட்டும் தெரிகிறது. அவ்வளவுதான், ஒரு நிமிடம் முடிந்துவிட்டது.

அதைக் கல்லூரியில் ஒப்படைப்பதற்கு முன் அவன் பாட்டிக்குப் போட்டுக் காட்டட்டும். கையில் பிடித்திருக்கும் கத்தி சரியாக இருக்கிறதா என்று சொல்லக்கூடிய ஆசிரியர் அவர் ஒருவர்தான். ஆகவே தள்ளிப்போட நேரமில்லை. மென்பொருள் அடுத்த ஆண்டும் கிடைக்கும். பாட்டியை இந்த வாரமே கேட்டுவிட வேண்டும்.